சரிங்கம்மா

அந்த ஊரில் அவளிடம் முதலில் "சரிங்கம்மா" என்று சொன்னவன் டிக்கெட் பரிசோதகன்.

சத்தியமாகத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஆள். நெட்டையான உடம்பு, வெளுத்த புருவம், சட்டைப் பையில் வரிசையாக மூன்று பேனா. ரயில் ஏறுவதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் இருக்கும் இயந்திரத்தில் டிக்கெட்டை விட்டு ஒரு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அது இவர்களுக்குத் தெரியாது. தெரியாத பாவத்துக்கு அவளையும் புருஷனையும் ஆறு வயது மகள் சிட்டுவையும் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்க வைத்து, பேர் என்ன, எந்தத் தெரு, எத்தனையாவது மாடி என்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, ஒரு நீளப் புத்தகத்தில் இருபத்தைந்து நிமிஷம் எழுதினான். எழுதினான் என்றா சொன்னேன்? கல்வெட்டு செதுக்கினான்.

வாசலுக்கு வெளியே, இவர்கள் ஏற வேண்டிய மீன் காட்சியகம் போகிற பஸ் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டது. இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயும் போய்விட்டது. அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பரிசோதகனைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். நன்றி சொல்கிற குரலில், தலையைக்கூடக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"எழுதுடா, நல்லா எழுது. உன் கை விளங்காமப் போக."

அவன் எழுதுவதை நிறுத்தினான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரிங்கம்மா" என்றான்.

தெளிவான தமிழ். வேலைக்காரர் ஒருவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாகச் சொல்வது போன்ற சின்னக் குரல். அந்த நெட்டை உடம்புக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் அவன் விரல்களிலிருந்து பேனா நழுவி மேஜையில் உருண்டது. அவன் அதை இடது கையால் எடுத்துப் பையில் செருகிக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தான். வலது கை மேஜை விளிம்பிலிருந்து வழுக்கி விழுந்து, ஈரத்துணி மாதிரி தொடையோரம் தொங்கியது.

"கேட்டீங்களா?" என்றாள் புருஷனிடம்.

"என்னத்த?" அவன் செல்போனில் வழி தேடிக்கொண்டிருந்தான்.

"அவர் சரிங்கம்மான்னு சொன்னாரு" என்றது சிட்டு.

"அவன் எப்படிடி சொல்லுவான்? ரெண்டு பேருக்கும் பசி. காது அடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான்.

அவளுடைய இந்தத் திட்டுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம். அவளுக்கு வேலை ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். நாள் முழுக்கச் சூடான படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். அந்த நாட்டுப் பேச்சில் அவளுக்கு வணக்கம் தெரியும், நன்றி தெரியும், மன்னிக்கணும் தெரியும். இந்த மூன்றை வைத்துக்கொண்டு எவளிடம் சண்டை போட முடியும், சொல்லுங்கள். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மடித்த விரிப்பை உதறிப் போட்டு மறுபடி மடி என்று சூப்பர்வைசர் சொன்னால், வாயெல்லாம் சிரிப்பாக, "உன் வாயில மண்ணு விழ" என்பாள். அந்தப் பொம்பளை ஏதோ நன்றி சொல்கிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். குக்கருக்கு விசில் மாதிரி அவளுக்கு இது. இல்லையென்றால் எப்போதோ வெடித்திருப்பாள்.

"குழந்தை கேட்டுட்டு இருக்கா" என்பான் புருஷன்.

கேட்கட்டுமே. சிட்டு வீட்டில்கூடப் பள்ளிக்கூடத்துப் பேச்சைத்தான் பேசும். தமிழில் சாப்பிடு என்றால் அந்தப் பேச்சில் மாட்டேன் என்னும். ஒரு நாள் லிஃப்ட் கதவு அதன் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டபோது, அந்த வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாசமாப் போ!" என்றது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, "சுத்தத் தமிழ்ல திட்டறாக்கா!" என்று பெருமையடித்துக்கொண்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றாள் அக்காவும்.

சரி, கதைக்கு வருவோம்.

மழை பிடித்துக்கொண்டது. குடை ரயிலில் போய்விட்டது. கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள். அன்றைக்கு இவர்களைக் கடிக்க ஒரு நாய்க்கூட்டமே கிளம்பியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் கூரை கிடையாது. ஈரக் கம்பளி நாற்றம், டீசல் நாற்றம், சாக்கடை மூடியிலிருந்து எழும்பி வரும் பழைய இரும்பின் வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, ஒரு மணி நேரம் நனைந்து நின்ற பிறகு அடுத்த பஸ் வந்தது. சிட்டு முதல் படியில் கால் வைத்தது. டிரைவர் ஏனோ கதவை மூடினான். புருஷன் பாய்ந்து குழந்தையைப் பின்னால் இழுத்தான். ஒரு சிவப்பு ஷூ மட்டும் கதவு இடுக்கில் மாட்டி, பஸ்ஸோடு போகத் தயாராக நின்றது.

அவள் கதவுக் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். இந்த முறை சிரிப்பெல்லாம் இல்லை.

"குழந்தை நிக்கறது தெரியல? உன் கண்ணு அவிஞ்சு போக!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவர் மெதுவாகத் திரும்பினான். உதடு அசைந்தது. மூடிய கதவு, மழை, எஞ்சின் இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டி, காதுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது போல அவளுக்குக் கேட்டது. அதே சின்னக் குரல்.

"சரிங்கம்மா."

பஸ் கிளம்பியது. நேராகப் போயிற்று. சாலை இடது பக்கம் வளைந்த இடத்திலும் அது நேராகவே போய், பிரேக் சத்தம் எதுவும் இல்லாமல், ஒரு சுவரில் முட்டி நின்றது. கதவு திறந்தது. இடுக்கிலிருந்த சிவப்பு ஷூ சாக்கடைத் தண்ணீரில் விழுந்து போயிற்று. பயணிகள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக டிரைவர் இறங்கினான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காலால் தரையைத் துழாவித் துழாவி வந்தான். அவன் கத்தவில்லை. முகத்தில் வலியோ பயமோ எதுவும் இல்லை. சொன்ன வேலையை முடித்துவிட்ட ஆளின் முகம்தான் இருந்தது.

அவள் சிட்டுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வழுக்கிருச்சு வண்டி" என்றான் புருஷன். "நல்லவேளை நாம ஏறல."

"ஐயோ, நான் சும்மா சொன்னேன்" என்று அவள் தனக்குள் பிதற்றினாள். அப்புறம் சத்தமாக, சாலையின் அந்தப் பக்கம் கேட்கும்படி, "உங்க கண்ணு நல்லாயிரணும்! ஒண்ணும் ஆகக் கூடாது! நல்லா இருங்க!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை. யாரும் சரி என்று சொல்லவில்லை. டிரைவர் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சந்துக்குள் போய்விட்டான். கெட்டதைச் சொன்னால் கண்ணாடி வழியாகக்கூடக் கேட்கிற ஊருக்கு, நல்லதைச் சொன்னால் காது இல்லை.

மீன் காட்சியகத்துக்கு நடந்தே போனார்கள். சிட்டு ஒற்றை ஷூவோடு, நனைந்த காலுறை தரையில் சொத்சொத்தென்று அடிக்க, "ஆமை பார்க்கணும், ஆமை பார்க்கணும்" என்று அனத்திக்கொண்டே வந்தது. எட்டு மாசத்தில் புருஷனுக்குக் கிடைத்த ஒரே லீவு நாள். கிட்டங்கியில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த மனுஷன், பெரிய ஆமை இருக்கிறது என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இவர்கள் வாசலை அடைந்தபோது ஒரு பெண் ஷட்டரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். பழுது பார்க்கிறார்களாம். அடுத்த மாசம் வாருங்கள் என்று கையைக் காட்டினாள்.

பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறதே. இத்தனை நடந்த பிறகும் அவள் வாய் தானாகத் திறந்தது.

"நீயெல்லாம்..."

ஷட்டர் பாதியில் நின்றது.

அந்தப் பெண் திரும்பி, கைகளைத் தொங்கவிட்டு, காத்திருந்தாள். சாலையில் நாயைப் பிடித்துக்கொண்டு போன கிழவர் நின்றார். தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். எதிர்மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியோடு நின்றான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலையை இம்மியளவு கீழே சாய்த்து. மரியாதையாக. பேச்சு இல்லை, நடை இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. குழாயில் மழைத் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும். மீதியைச் சொல்லட்டும் என்று ஒரு தெருவே காத்திருந்தது.

அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமில்ல."

ஷட்டர் இறங்கியது. கிழவர் நடந்தார். ஜன்னல் துணி கீச்சிட்டது.

"ஏம்மா எல்லாரும் உன்னையே பாத்தாங்க?" என்று சிட்டு கேட்டது.

அப்படியானால் அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அது ஆறுதலா என்ன! அவள் குழந்தை முன்னால் மண்டிபோட்டு, அதன் காதுக்குள் சொன்னாள். "கண்ணு, இந்த ஊர்ல தமிழ்ல பேசாத. உங்க ஸ்கூல் பேச்சையே பேசு. என்ன?"

சிட்டு கண்ணை அகல விரித்தது. "நீதானே தமிழ்லதான் பேசணும்னு அடிச்ச?"

புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கை, கண், தெரு. மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் செத்துப்போன செல்போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டான். அவனும் நனைந்திருந்தான், அவனுக்கும் பசி, அவனுடைய ஒரு நாள் லீவும் சாக்கடையில் போயிருந்தது.

"இத்தன நாள் நான் சொன்னப்ப கேட்டியா? தவளை தன் வாயாலதான் கெடும்" என்றான். "கண்டவனைத் திட்டிட்டு இப்ப மனசு குறுகுறுங்குது உனக்கு. அவ்வளவுதான்."

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு அவள் பதில் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். மூன்றே முக்காலுக்கு ரயில். ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும். அதுவரை இந்தப் பாழாய்ப்போன வாயை மூடி வைக்க வேண்டும். அவ்வளவுதானே. வீட்டுக்குப் போய்விட்டால் இந்த மனுஷனை ஆசை தீரத் திட்டிக்கொள்ளலாம். அங்கே எவனுக்கும் எதுவும் ஆகாது. அவன் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், குழந்தை வந்து சேர வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

ஸ்டேஷன் வாசலில் பரிசோதகன் நின்றுகொண்டிருந்தான். தொங்கிய வலது கையை இடுப்பு வாரில் செருகியிருந்தான். இவர்களைக் கண்டதும் இடது கையால் கதவைத் திறந்துவிட்டான். அவள் கடந்து போகும்போது தலை குனிந்தான். அவள் பார்க்காத மாதிரி போனாள்.

பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். ரயில் ஏற்கெனவே நின்றிருந்தது. கதவுகள் இன்னும் திறக்கவில்லை. நனைந்த கோட்டுகள், காகிதப் பைகள், பிரேக் கட்டையின் தீய்ந்த நாற்றம். இன்னும் ஐந்து நிமிஷம். அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சிட்டு தரையில் உட்கார்ந்தது.

"நான் வரல. ஆமை பாக்காம வரல."

"எந்திரி" என்றான் புருஷன்.

"நீ ஆமை இருக்குன்னு சொன்ன. பொய் சொன்ன!"

"எந்திரின்னு சொல்றேன்ல?" அவன் அதட்டினான். மகளிடம் அவன் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபம் முழுவதும் அந்தக் குரலில் இருந்தது. குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினான். "இனிமே உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போறேனா பாரு! சனியன்!"

சிட்டுவின் முகம் சுருங்கியது. மூக்கு விடைத்தது. அவளுக்கு அந்த முகம் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்.

"சிட்டு, வேணாம்..." என்று அவள் கையை நீட்டினாள்.

"அப்பா, நீ எங்கயாவது தொலைஞ்சு போ!"

பிளாட்பாரம் நின்றது.

காகிதப் பைகளின் சரசரப்பு நின்றது. அறிவிப்புக் குரல் பாதி வார்த்தையில் நின்றது. புருஷன் குழந்தையின் கையை விட்டான். தோள் பையைக் கழற்றினான். அவசரப்படாமல், மடிப்புக் கலையாமல், அதைத் தரையில் வைத்தான்.

"சரிங்கம்மா" என்றான்.

மகளிடம் அவன் செல்லமாக 'சரிடா' என்பான், 'சரிம்மா' என்பான். இப்படிச் சொன்னதே இல்லை. குரலும் அவனுடையது இல்லை.

அவன் நடந்தான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள். "என்னங்க! ஏங்க! நில்லுங்க!" சட்டை கிழிந்து கையோடு வந்தது. இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தான். முழங்கால் சிமென்ட்டில் உரிந்தது. "போகாதீங்க. திரும்பி வாங்க. நல்லா இருங்க. நூறு வருஷம் இருங்க." நல்ல வார்த்தைதானே. எவனுக்குக் கேட்டது? பிளாட்பாரம் முடிகிற சரிவில் அவன் இறங்கினான். தண்டவாளத்தோரம், மழைக்குள், ஒரே வேகத்தில். சாம்பல் நிறச் சட்டை. அப்புறம் சாம்பல் நிற மழை. அப்புறம் மழை மட்டும்.

அவள் திரும்பி ஓடினாள்.

சிட்டு பைக்குப் பக்கத்தில் நின்றது. அவள் குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "கூப்பிடு! அப்பாவைக் கூப்பிடு! வான்னு சொல்லு! நீ சொன்னாக் கேப்பாரு! சொல்லுடீ!"

"வலிக்குது!"

"சொல்லுடீன்னா! உன் வாய்..."

நூறு முகம் அவள் பக்கம் திரும்பியது. தலைகள் சாய்ந்தன. மரியாதையாக.

உன் வாய் அழுகிப் போக. தினமும் சொல்கிறதுதான். சோறு சிந்தினால் சொல்கிறது, பால் கொட்டினால் சொல்கிறது. நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் வருகிற வரை கடித்தாள். வார்த்தையை விழுங்கினாள். சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

ஆனால் கை இருக்கிறதே. அது போய் விழுந்துவிட்டது.

அறை விழுந்த சத்தம் கூரை வரை போய்த் திரும்பியது. சிட்டுவின் கன்னத்தில் நான்கு விரல். ஒரு கணம் அதற்கு அழுகைகூட வரவில்லை. அம்மாவை அண்ணாந்து பார்த்தது.

"கண்ணு, தெரியாம... அம்மா தெரியாம..."

"நீயும் வேணாம்" என்றது சிட்டு. நல்ல தமிழில். "நீயும் போ."

அவள் பொத்துவதற்குக் கையைத் தூக்கினாள். மகளின் வாயையா, தன் வாயையா, அவளுக்கே தெரியவில்லை. கை பாதியில் நின்றது. தொண்டைக்குள் யாரோ செருமினார்கள். வாய் திறந்தது.

"சரிங்கம்மா."

கால் நடந்தது. அவள் நடக்கவில்லை, கால் நடந்தது. கத்தினாள், கத்தல் உள்ளேயே கிடந்தது. திரும்பிப் பார்க்க நினைத்தாள், கழுத்து கேட்கவில்லை. கூட்டம் பிரிந்து வழி விட்டது. நின்ற ரயிலின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்தன. ஒவ்வொரு கண்ணாடியிலும் பின்னால் இருந்தது தெரிந்தது.

ஒரு ஜன்னலில், பிளாட்பாரத்தின் நடுவே, ஒற்றை ஷூவோடு அவள் மகள்.

அடுத்த ஜன்னலில், மகளைச் சுற்றிக் கூட்டம். கோட்டுக்காரர்கள், பைக்காரிகள், இடது கைப் பரிசோதகன். எல்லோரும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்திருந்தார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

கடைசி ஜன்னலில் சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, அவர்களை ஏறிட்டுப் பார்த்தது. அதற்கு இன்னும் கோபம் தீரவில்லை.